திருப்பி வைத்த படங்கள்

சந்தேகப்படுவதற்காக மாதச் சம்பளம் வாங்கியவன் நான். பதவியின் பெயர் தர மேற்பார்வையாளர். மற்றவர்கள் கணினியில் ஏற்றியதை மறுபடி பார்த்து, எங்கே தவறு, யார் செய்தது, தெரியாமல் செய்ததா தெரிந்தே செய்ததா என்று சொல்ல வேண்டும். இந்த 2009ஆம் வருடம், மாங்கனித் திருவிழா முடிந்த வாரத்தில் ஓய்வு பெற்றேன். கடைசி நாளன்று அலுவலகத்துப் பிள்ளைகள், "சார், அந்தக் கேலக்ஸி கதைய எழுதிக் குடுத்துட்டுப் போங்க" என்றார்கள். அது அங்கே ஆளுக்கொரு விதமாக உலவிக்கொண்டிருக்கிறது. ஒரு பெண் சொன்ன வடிவத்தில் மேலாளர் கண் கலங்குகிறார். அவர் கண் கலங்கவில்லை, நான் பக்கத்தில்தான் இருந்தேன். ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

எழுத வேறொரு காரணமும் உண்டு. 2007இல் வெளிநாட்டு வானியலாளர்கள் சிலர் விண்மீன் மண்டலங்களின் படங்களை இணையத்தில் போட்டு, யார் வேண்டுமானாலும் பார்த்து வகை பிரிக்கலாம் என்று திறந்துவிட்டார்கள். நாங்கள் கூலிக்குச் செய்த வேலையை இப்போது ஊர் உலகமே சும்மா செய்கிறது. ஒரே படத்தைப் பலரிடம் காட்டி, பெரும்பாலானவர்கள் சொல்வதை எடுத்துக்கொள்கிறார்களாம். செய்தியைப் படித்ததும் எனக்கு வந்த முதல் கேள்வி, அந்தப் பெரும்பாலானவர்களை யார் சந்தேகப்படுவது என்பதுதான்.

என் தொழில் புதுச்சேரியில் ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துவதில் தொடங்கியது. ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர் சரிபார்க்கும் காலம் அது. படிக்கிறவர் தூக்கக் கலக்கத்தில் ஒரு வரியை விட்டுவிட்டுப் படிக்கிறாரா என்று குரலை வைத்தே கண்டுபிடிக்கப் பழகினேன். ஈய எழுத்துகள் போய்க் கணினி வந்தது. 2001இல் சொந்த ஊருக்கே திரும்பி, காரைக்கால் நகரத்தில் வெளிநாட்டு இதழ்களைக் கணினியில் ஏற்றித் தரும் ஓர் அலுவலகத்தில் சேர்ந்தேன். வீடு கோவில்பத்தில். சைக்கிளில் போய் வந்தேன்.

அங்கே மேலாளர் அந்துவான் சார். அவருடைய அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வூதியம் வாங்கிய பழைய 'சொல்தா'. மகனுக்கு அவரிடமிருந்து வந்தது தேய்த்த சட்டையும் நேரம் தவறாமையும். அந்துவான் சார் குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. யாரையும் 'நீ' என்று சொன்னதுமில்லை. சந்தேகம் ஏற ஏற அவருடைய மரியாதையும் ஏறும். "கொஞ்சம் தண்ணி குடிக்கிறீங்களா?" என்று அவர் கேட்டால், கேட்கப்பட்டவர் வேலை தேட ஆரம்பிக்கலாம் என்பது அலுவலகத்துப் பேச்சு. விசாரிக்கும்போது மேசைக்கு எதிர்ப்புறம் உட்கார மாட்டார். நாற்காலியை நம் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, இரண்டு பேரும் ஒரே திரையைப் பார்க்கும்படி உட்காருவார். யார் என்ன விளக்கம் சொன்னாலும் அவரிடமிருந்து ஒரே கேள்விதான் வரும்: "சரி, இது பொய்யா இருந்தா நமக்கு எப்படித் தெரியும்?"

வானத்து வேலை எங்களிடம் வந்தது 2005 கடைசியில். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றின் ஆராய்ச்சிக் குழு அனுப்பியது. தொலைநோக்கிக்குப் பின்னால் கண்ணாடித் தகட்டை வைத்து வானத்தைப் படம் பிடித்த காலம் ஒன்று இருந்தது. அந்தப் பழைய தகடுகளை ஸ்கேன் செய்து, ஒவ்வொரு விண்மீன் மண்டலத்தையும், அதாவது கேலக்ஸியையும், சிறு படமாக வெட்டி அனுப்பினார்கள். வெளிச்சத்தை அளக்கக் கணினிக்குத் தெரியும், வடிவத்தைச் சொல்லச் சொன்னால் குழம்பியது. அதற்கு மனிதக் கண் தேவைப்பட்டது.

படங்கள் எதிர்மறை. வானம் வெள்ளை, கேலக்ஸி கறுப்பு. மங்கலான ஓரங்கள் கறுப்புப் பின்னணியைவிட வெள்ளையில்தான் நன்றாகத் தெரியும் என்றார்கள். உண்மைதான். முதலில் அது கேலக்ஸிதானா என்று பார்க்க வேண்டும். பக்கத்து நட்சத்திரமாக இருந்தால் நான்கு பக்கமும் கூர்கள் நீட்டியிருக்கும். செயற்கைக்கோள் கடந்திருந்தால் நேர்கோடு விழுந்திருக்கும். தகட்டில் ஒட்டிய தூசியும் சில சமயம் கேலக்ஸிபோல் ஏமாற்றும். இவற்றைத் தள்ளிவிட்டு வடிவத்துக்குப் போக வேண்டும். கைகள் இல்லாமல் வழவழப்பாக, உருண்டையாகவோ நீள்வட்டமாகவோ இருந்தால் ஒரு வகை. நடுவிலிருந்து கைகள் சுருண்டு கிளம்பினால் இன்னொரு வகை. அதிலும் நடுவில் பட்டை ஓடுகிறதா இல்லையா என்று பார்க்க வேண்டும். தோசையை விளிம்புப் பக்கமாகப் பார்ப்பதுபோல் கோடாகத் தெரிபவை தனி. இரண்டு ஒன்றோடொன்று மோதி உருக்குலைந்தவை தனி. பிள்ளைகள் சீக்கிரமே சொந்தப் பெயர்கள் வைத்துவிட்டார்கள்: முட்டை, முறுக்கு, ஊசி, சண்டை. எதுவும் புரியாவிட்டால் 'தெரியவில்லை' என்று ஒரு விசை இருந்தது.

முறுக்கு வகைக்கு மட்டும் கூடுதலாக ஒரு கேள்வி. கைகள் கடிகார முள் போகிற பக்கம் சுருள்கின்றனவா, எதிர்ப்பக்கமா? வானம் முழுவதும் எடுத்துப் பார்த்தால் இரண்டும் ஏறக்குறையச் சமமாக இருக்க வேண்டும் என்பது அவர்கள் எதிர்பார்ப்பு. சமமாக இல்லையென்றால் வானத்தில் ஏதோ விசேஷம், அல்லது பார்த்தவர்களிடம் ஏதோ கோளாறு. முதல் சந்தேகம் பார்த்தவர்கள்மேல்தான் விழும். என் தொழிலுக்கு நெருங்கிய விஞ்ஞானம் என்று எனக்கு அதைப் பிடித்திருந்தது.

ஒவ்வொரு படத்தையும் மூன்று பேர் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். ஒருவர் விடை மற்றவருக்குத் தெரியக் கூடாது. அடுத்தவர் விடையைப் பார்த்துப் போட்டதாகத் தெரிந்தால் வேலை போய்விடும். சேரும்போதே அதற்குக் கையெழுத்து வாங்கியிருந்தோம். காலை ஒரு குழு, மதியம் ஒரு குழு. காலைக் குழு முடித்த விடைகளைத் திரட்டிப் பெரிய கணினியில் வைக்கும் பொறுப்பு மதியக் குழுவில் இருந்த பாஸ்கருக்கு. நகரத்துப் பையன், பட்டதாரி. அவன் விடைகள் மற்றவர்களோடு பிசகாமல் ஒத்துப்போகும். புதிதாகச் சேர்கிறவர்களை அவன் பக்கத்தில் உட்காரச் சொல்லுவோம்.

திருவேட்டக்குடியிலிருந்து நான்கு பெண்கள் வந்துகொண்டிருந்தார்கள். சுனாமிக்குப் பிறகு அந்த ஊரில் ஒரு சேவை அமைப்பு கணினிப் பயிற்சி கொடுத்தது. அதில் தேறி வந்தவர்கள். நான்கு பேரும் உறவு, ஒரே பஸ், ஒரே வரிசையில் உட்காருவார்கள், ஒன்றாகச் சாப்பிடுவார்கள். மூத்தவள் தேன்மொழி. வீட்டுப் படகு சுனாமியில் போனது. அப்பாவும் அண்ணனும் அடுத்தவர் படகில் பங்குக்குப் போனார்கள், கடலில் கிடைக்காத நாளில் வீட்டில் இவள் சம்பளம்தான். இதை அவள் சொல்லவில்லை. அவளுடைய சித்தி மகள் சுமதி சொன்னாள். சுமதிக்கு வாய் அதிகம்.

2006 ஆடியில் வெளிநாட்டிலிருந்து மின்னஞ்சல் வந்தது. உங்கள் ஆட்கள் நான்கு பேர், வடிவத்தில் எல்லாரோடும் ஒத்துப்போகிறார்கள், ஆனால் சுழல் பக்கம் மட்டும் மற்றவர்களுக்கு நேர் எதிராகச் சொல்கிறார்கள், விளக்கம் தேவை என்று. ஆள் எண்களைப் பார்த்தால் திருவேட்டக்குடிப் பெண்கள் நான்கு பேர்.

அந்துவான் சார் என்னைக் கூப்பிட்டார். "நீங்க என்ன நினைக்கிறீங்க, செல்வநாதன்?"

"பக்கத்த மாத்திப் புரிஞ்சிக்கிட்டாங்க போல, சார்."

"ஒருத்தர் மாத்திப் புரிஞ்சிக்கலாம். நாலு பேரும் ஒரே மாதிரி மாத்திப் புரிஞ்சிப்பாங்களா?"

எனக்கும் அதேதான் உறுத்தியது. ஒருத்தி படத்தைப் பார்க்கிறாள், தவறாகப் போடுகிறாள். மூன்று பேர் அவளைப் பார்த்துப் போடுகிறார்கள். அப்படித்தான் தோன்றியது. அது உண்மையானால் மூன்று பேருக்கு வேலை போகும். பார்க்கக் கொடுத்த குற்றத்துக்குத் தேன்மொழிக்கும் போகும்.

முதலில் விசைப்பலகைகளைச் சோதித்தேன், சரியாக இருந்தன. பிறகு நான்கு பேரையும் அறையின் நான்கு மூலைக்குப் பிரித்தோம். விடைகள் மாறவில்லை. தேன்மொழியைக் காலைக் குழுவுக்கும் மற்ற மூவரை மதியத்துக்கும் மாற்றினோம். அப்போதும் மாறவில்லை. என் சந்தேகம் குறையவில்லை, கூடியது. செல்போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவோம். ஆனால் குழு மாறுகிற நேரத்தில் தேன்மொழி கையிலிருந்து சுமதி கைக்கு ஒரு டிபன் பாக்ஸ் போனது. ஒருநாள் நான் அதை எட்டிப் பார்த்தேன்.

"என்ன சார் பாக்குறீங்க? காரப்பொடி மீன் கொழம்பு. வேணுமா?" என்றாள் சுமதி.

அறையில் பேச்சு பரவிவிட்டது. நகரத்துப் பெண் ஒருத்தி, "கடல்ல போற குடும்பம்ங்கிறாங்க, தெசை மட்டும் தெரியலியாக்கும்" என்று யாருக்கோ சொல்வதுபோல் சொன்னாள்.

"ஆமாங்கக்கா, தெசை தெரியாமத்தான் எங்க வீட்டு மீனு ஒங்க வீட்டு வாசலுக்கு வருது" என்றாள் சுமதி.

தேன்மொழி சிரிக்கவில்லை. அன்று போகும்போது என் மேசைக்கு வந்து நின்றாள். "சார், எங்கள வேலையிலேர்ந்து எடுக்கப் போறீங்களா?"

"யார் சொன்னா?"

"யாரும் சொல்லல. பிரிச்சு ஒக்கார வச்சீங்க, நேரத்த மாத்துனீங்க, சோத்துப் பாத்தரத்தப் பாக்குறீங்க. எடுக்குறதுன்னா இந்த மாசமே சொல்லிடுங்க. தம்பி பள்ளிக்கொடத்துல பணம் கட்டச் சொல்லிருக்காங்க, நான் கட்டுறேன்னு வாய விட்டுட்டேன்."

மேசையில் கிடந்த தாள்களை நான் அடுக்கி வைத்தேன்.

மறுநாள் அந்துவான் சார் ஒரு யோசனை சொன்னார். ஒரே தொகுதிப் படங்களைக் காலையிலும் மதியத்திலும் கொடுப்பது. காலையில் நேராக. மதியத்தில் அதே படங்களை, அதே எண்ணோடு, கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் திருப்பி. "படத்தத் திருப்புனா சுழல் பக்கமும் திரும்பிடும். மூணு பேரும் நிஜமா படத்தப் பாத்தா, தேன்மொழி காலையில சொன்னதுக்கு நேர் எதிரா சொல்லணும். அவங்க விடைய வாங்கிப் போட்டா, அப்படியே அதேதான் வரும்."

எனக்கு அது பிடித்தது. ஒன்று மட்டும் சொன்னேன். "மூணு பேருக்கு மட்டும் திருப்பாதீங்க சார். மதியம் வர்ற எல்லாருக்கும் திருப்புங்க."

"எதுக்கு?"

"மூணு பேருக்கு மட்டும்னா விஷயம் வெளிய வந்துடும். பக்கத்துத் திரையில அதே படம் வேற மாதிரி தெரிஞ்சா கேப்பாங்க."

நல்லெண்ணத்தில் சொன்னதல்ல. ரகசியம் காக்கத்தான் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து இரண்டு பேரும் அலுவலகத்துக்கு வந்து படங்களைத் திருப்பினோம். ஒவ்வொரு படத்தின் மூலையிலும் அதன் எண் இருக்கும். அப்படியே திருப்பினால் எண்ணும் இடவலம் மாறித் தெரிந்து காட்டிக்கொடுத்துவிடும். ஆகவே எண்ணை வெட்டி எடுத்து, வானத்தை மட்டும் திருப்பி, எண்ணைப் பழைய இடத்தில் ஒட்ட வேண்டும். முறுக்குகள் மட்டும் போதும் என்றேன். அந்துவான் சார் ஒத்துக்கொள்ளவில்லை, முட்டைகளையும் திருப்பினார். "எதுல கை வச்சோம்னு யாருக்கும் தெரியக் கூடாது, செல்வநாதன். நமக்கே ஞாபகம் இருக்கக் கூடாது."

திங்கள் மாலை விடைகளை அவர் அறையில் வைத்துப் பார்த்தோம். தேன்மொழி காலையில் சொன்னதற்கு மூன்று பேரும் மதியம் நேர் எதிராகச் சொல்லியிருந்தார்கள். படத்துக்குப் படம். டிபன் பாக்ஸில் குழம்பு மட்டும்தான் போயிருக்கிறது. நான் மூச்சு விட்டேன்.

அந்துவான் சார் விடவில்லை. மதியக் குழுவின் மற்றவர்களையும் ஒவ்வொருவராகக் காலைக் குழுவோடு ஒப்பிட்டுக்கொண்டே போனார். படம் திரும்பியதால் இவர்கள் எல்லாருடைய விடையும் காலை விடைக்கு எதிராக வந்திருக்க வேண்டும். வந்திருந்தது. ஒரு பெயரில் அவர் பேனா நின்றது. பாஸ்கர். அவனுடைய விடைகள் மட்டும் காலைக் குழுவின் பெரும்பான்மையோடு அப்படியே ஒத்துப்போயின. கண்ணாடியில் தெரிந்த படத்துக்கு, கண்ணாடியில் தெரியாத விடை.

செவ்வாய் மதியம் அவனைக் கூப்பிட்டார். நாற்காலியைப் பக்கத்தில் போட்டார். "கொஞ்சம் தண்ணி குடிக்கிறீங்களா, பாஸ்கர்?"

பாஸ்கர் என்னைப் பார்த்தான். நான் திரையைப் பார்த்தேன்.

"இந்தப் படம் எந்தப் பக்கம் சுத்துது, கொஞ்சம் சொல்லுங்க."

"எதிர்ப்பக்கம் சார்."

"சரிதான். நேத்து வேற போட்டிருக்கீங்க."

"அவசரத்துல மாறிருக்கும் சார்."

"இருக்கலாம். இது?"

"இதுவும் எதிர்ப்பக்கம்."

"இதுலயும் நேத்து மாறியிருக்கு. இன்னொண்ணு பாப்போமா?"

மூன்றாவது படம் வந்ததும் பாஸ்கர் தண்ணீர் டம்ளரை எடுத்துக் குடித்தான்.

"நேத்து நீங்க படத்தப் பாத்தீங்களா, காலையில வந்த விடையப் பாத்தீங்களா?"

அவன் டம்ளரைக் கீழே வைத்தான். "ஒத்துப்போகலன்னா கேள்வி வருது சார். ஒத்துப்போனா யாரும் கேக்குறதில்ல. மொதல்ல சந்தேகம் வந்த படத்துக்கு மட்டுந்தான் பாத்தேன். அப்பறம்..."

"அப்பறம் பழகிடுச்சு," என்றார் அந்துவான் சார். குரலில் கோபமே இல்லை. பாஸ்கர் மறுநாள் வரவில்லை. ஒரு நல்ல கண் வீணானது. ஆரம்பத்தில் அவன் தானாகவே பார்த்திருக்கிறான், நன்றாகவும் பார்த்திருக்கிறான்.

ஆனால் தேன்மொழியின் வழக்கு முடியவில்லை. அடுத்தவர் விடையைப் பார்த்து எழுதவில்லை என்பது நிச்சயம். ஏன் நான்கு பேருக்கும் எதிராக வருகிறது என்பது தெரியவில்லை. அதற்கு விளக்கம் கொடுக்காவிட்டால் வெளிநாட்டுக்காரர்கள் அந்த நான்கு எண்களையும் நீக்கச் சொல்லுவார்கள். அந்துவான் சார் அவளைக் கூப்பிட்டு, ஒரு முறுக்கைத் திரையில் போட்டு, "எப்படிப் பாக்குறீங்கன்னு வெரலால காட்டுங்க" என்றார்.

தேன்மொழி சுட்டுவிரலைச் சுருளின் வெளி நுனியில் வைத்தாள். அங்கிருந்து கையின் வழியே சுற்றிச் சுற்றி நடுவுக்குக் கொண்டுவந்து நிறுத்தினாள்.

அந்துவான் சார் தன் விரலை நடுவில் வைத்து வெளியே கொண்டுபோனார். ஒரே சுருள். விரல் இரண்டும் எதிரெதிராகச் சுற்றின.

"ஏன் வெளியிலேர்ந்து ஆரம்பிச்சீங்க?"

அவள் அவரை விநோதமாகப் பார்த்தாள். "வேற எங்கேர்ந்து சார்? கயித்த முனையிலேர்ந்துதான புடிப்போம். சுருட்டி வச்ச கயித்துல நடுவுல கைய விட்டா சிக்கு விழுந்துடும்ல." பிறகு தயங்கிச் சொன்னாள். "மொத வாரம் பழக்கமில்லாம கஷ்டமா இருந்துச்சு. அதான் வூட்டு வாசல்ல நாலு பேரும் வலைக் கயித்த சுருட்டிப் போட்டுத்தான் பழகுனோம்."

பயிற்சியில் நாங்கள் 'கையைப் பின்தொடர்ந்து பாருங்கள்' என்று சொல்லியிருந்தோம். எந்த முனையிலிருந்து என்று சொல்லவில்லை. மறு முனையிலிருந்து ஒருவர் ஆரம்பிக்கலாம் என்பதே எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

நான் விளக்கம் கிடைத்த சந்தோஷத்தில் இருந்தேன். அந்துவான் சார் வழக்கம்போல, "இது பொய்யா இருந்தா எப்படித் தெரியும்?" என்றார். தேன்மொழியிடம் கேட்கவில்லை, தன்னையே கேட்டுக்கொண்டார். நான்கு பேரையும் தனித்தனியாக உள்ளே கூப்பிட்டு, ஒன்றும் சொல்லாமல் விரலால் காட்டச் சொன்னார். நான்கு விரலும் வெளி நுனியில் போய் நின்றன. அதற்குப் பிறகுதான் மின்னஞ்சல் எழுதினார்.

பதில் ஒரு வாரத்தில் வந்தது. நான்கு பேருடைய பழைய விடைகளையும் கணினியில் ஒரே கட்டளையில் பக்கம் மாற்றிக்கொண்டார்கள், அத்தனையும் பயன்பட்டன. பாஸ்கருடையவை முழுக்கத் தள்ளப்பட்டன. அவற்றில் எது அவன் படத்தைப் பார்த்துப் போட்டது, எது பார்க்காமல் போட்டது என்று சொல்ல யாராலும் முடியாது.

தேன்மொழியிடம் சேதி சொல்ல அந்துவான் சாரே அறையைவிட்டு வெளியே வந்தார். எல்லார் முன்னாலும் சொன்னார். அவள் கேட்டுக்கொண்டாள். பிறகு, "ஒண்ணு கேக்கலாமா சார்?" என்றாள்.

"கேளுங்க."

"பாஸ்கரு அத்தன மாசம் பாத்து எழுதிருக்காரு. அவர ஒரு நாளும் பிரிச்சு ஒக்கார வைக்கல. எங்களத்தான் வச்சீங்க."

அந்துவான் சார் யோசித்தார். "ஒங்க மேல சந்தேகப்பட்டேன், சோதிச்சேன், தேறிட்டீங்க. அவர் மேல சந்தேகமே படல. அது என் தப்புதான்."

"அப்ப இனிமே எல்லாரையும் சந்தேகப்படுங்க சார்," என்றாள் தேன்மொழி. "எங்கள மட்டும் வேணாம்."

சுமதி பின்னாலிருந்து, "நாற்காலிய பழைய எடத்துல போட்டுக்கலாமா, சார்?" என்றாள்.

அடுத்த வாரம் முதல் ஒவ்வொரு தொகுதியிலும் சில படங்கள் திருப்பி வைக்கப்பட்டன. யாருக்கு, எது என்று அவரைத் தவிர யாருக்கும் தெரியாது. கேலக்ஸி வேலை நின்ற பிறகும் வேறு வேலைகளில் வேறு விதமாக அது தொடர்ந்தது. அந்த இணையக்காரர்களும் படங்களைத் திருப்பிப் போட்டுப் பார்த்தார்கள் என்று சென்ற வருடம் படித்தபோது, அவர்கள்மேல் எனக்கிருந்த சந்தேகம் பாதி குறைந்தது. தேன்மொழி இப்போது என் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். தம்பி பாலிடெக்னிக்கில் படிக்கிறான்.

ஓய்வு பெற்ற அன்று மாலை, எல்லாரும் போன பிறகு அந்துவான் சார் என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டார். தண்ணீர் குடிக்கிறீர்களா என்று கேட்காதவரை எனக்குப் பயமில்லை.

"ஒண்ணு சொல்லணும், செல்வநாதன். மேற்பார்வைக்குன்னு ஒங்ககிட்ட வந்த படங்கள்லயும் நான் சிலதத் திருப்பி வச்சிருந்தேன். நீங்க ஒண்ணுலகூட தவறல."

"தெரியும் சார்," என்றேன். "மூணு பேர் விடையும் ஒத்துப்போகாம முடிவாகாத படங்கள உங்ககிட்ட அனுப்புவேன்ல, நானும் அதுல சிலதத் திருப்பித்தான் வச்சேன்."

அவர் தேய்த்த சட்டையின் கையை ஒருமுறை சரிசெய்துகொண்டார்.

"நான்?"

"தேறிட்டீங்க சார்."